இரு சொற்களும் ஒரு நடுவரும்



ஆங்கிலத்திலே ‘டிஸ்இன்ரறஸ்ரெட்’, ‘அன்இன்ரறஸ்ரெட்’ என இரு சொற்கள் உள. முன்னொட்டு மட்டுமே வேறு; இரு முன்னொட்டும் ‘இல்லை’ என்னும் பொருளையே தருவன. எனவே எதனை எங்கே எழுதினால் என்ன என்று எண்ணும் மாணவர் பலர். அவர்களை மட்டும் குறைகூறுவானேன்? கற்றோர் எழுத்திலும் இம் மயக்கம் காணப்படுகின்றது.

மயக்கத்தின் வேர் அடிச்சொல்லில் இருக்கின்றது. ‘இன்ரறஸ்ற்’ என்பது, ‘இடையே இருத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. ஒரு விடயத்தின் இடையே நாம் இருவகையாக நிற்கலாம். அதனால் நமக்கு ஆதாயமோ நட்டமோ வருமென்ற நிலையில் நிற்பது ஒருவகை. கடனுக்குரிய வட்டிக்கும் இதே சொல் வழங்குவது இங்கே எண்ணத்தக்கது. நம் மனம் அதன்பாற் சென்று படிதல் மற்றொரு வகை. முன்னையது இல்லாதவர் ‘டிஸ்இன்ரறஸ்ரெட்’. பின்னையது இல்லாதவர் ‘அன்இன்ரறஸ்ரெட்’.

கிரிக்கெற் நடுவரை நோக்குங்கள். எக்கட்சி வென்றாலும் அவருக்குப் பேறொன்றுமில்லை. ஆயினும் பந்திலிருந்து கண்ணை எடுப்பாராயின் அவர் நடுவராகார். முதற்சொல் அவருக்குப் புகழுரை. மற்றையது அவரை விலக்குதற்குப் போதிய குற்றச்சாட்டு. ரெஸ்ற் பந்தயங்களில் 1994 முதல் ஒரு நடுவரும், 2002 முதல் இரு நடுவரும் ஆடும் நாடுகளைச் சாராதவராதல் வேண்டுமென விதித்தனர். கொள்ளைநோய் காரணமாக 2020இல் அவ்விதி தளர்ந்தது. விதியினால் முதற்பண்பை ஓரளவு உறுதிசெய்யலாம். பந்தைக் கூர்ந்து நோக்கும் மனத்தை எவ்விதியும் தராது.

இனி, இலக்கணக் காவலர் சற்றுப் பொறுத்துக் கேட்கவேண்டிய செய்தி ஒன்று. அகராதி வல்லார் காட்டும் மிகப் பழைய ஆட்சிகளில், 17ஆம் நூற்றாண்டிலே, இச்சொற்கள் பெரும்பாலும் தலைகீழாகவே நின்றன. பிற்காலத்திலேதான் இடம் மாறின. ஆகவே இவ்வேறுபாடு பண்டுதொட்டு வந்த சட்டமன்று. ஆயினும் அதனைக் காத்தல் நன்றென்பதே என் கருத்து. ‘இம்பார்ஷல்’ என்ற சொல் இருக்கின்றதே என்பீர்கள். அது நடத்தையைக் குறிப்பது. தன் மகனும் அயலான் மகனும் பிணங்கும்போது ஒரு தந்தை ஓரஞ்சாராது தீர்ப்புக் கூறலாம், அவர் ‘இம்பார்ஷல்’. ஆனால் ‘டிஸ்இன்ரறஸ்ரெட்’ ஆகமாட்டார். அது நிற்கும் நிலையைக் குறிப்பது.

தமிழிற் பெயர்ப்போருக்கு இடர் இதனினும் பெரிது. ‘ஈடுபாடற்ற’ என்று எழுதிவிட்டால் புகழ் பழியாகிவிடும். திருக்குறளின் 12ஆம் அதிகாரத் தலைப்பாகிய ‘நடுவு நிலைமை’ நடத்தைக்குப் பொருந்தும். நிலையைச் சொல்ல ‘தன்னலத் தொடர்பற்ற’ என்று விரித்தெழுதுதலே தக்கது.