விரிப்பும் இரத்தப்பையும்



தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் திரைச்சீலையோடு திக்கார் கெத்தா என்னும் வினைல் தரைவிரிப்பும் மாறும். கடைக்காரர் சுருளை உருட்டிவிட்டு மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார். விரித்த அன்று ஓரம் சுருண்டு நிற்கும். நாற்காலிக் காலை ஏற்றிவைத்தால் மெல்லப் படியும். அப்படிப் படியும்படி விரிப்பை இளக்கிவைக்கும் பொருளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வினைல், அதாவது பிவிசி, இயல்பில் விறைப்பானது. நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாயும் அதே பிவிசிதான். 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன் அதை இளக வைத்தார். பின்னர் அந்த வேலைக்குத் தாலேட் என்னும் எண்ணெய்ப்பசைத் திரவங்கள் வந்து நிலைத்தன. தாலேட் வினைலின் நெடுஞ்சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து உட்காரும். வேதிப் பிணைப்பு கிடையாது. அதனால் சூடு பட்டாலும் கொழுப்பு பட்டாலும் கசியும். பழைய விரிப்பு வருடக்கணக்கில் விறைத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். புது விரிப்பின் வாடைக்குத் தாலேட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம், அது எளிதில் ஆவியாவதில்லை. வீட்டுத் தூசியில் போய்ப் படியும். தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும்போது அந்தத் தூசியும் உள்ளே போகிறது.

இது நஞ்சா என்று கேட்டால், எந்தத் தாலேட், யார் உடம்பில், எவ்வளவு நாள் என்று திருப்பிக் கேட்பேன். டிஇஎச்பி என்ற வகை, சோதனை எலிகளில் ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியைக் கெடுத்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவிலும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. மனிதர்களிடம் கிடைத்த சான்று அவ்வளவு உறுதியானதல்ல. உடம்பு அதைச் சில நாளில் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். ஆனால் உணவு வழியாக அன்றாடம் திரும்ப வந்து சேர்கிறதே!

இதே டிஇஎச்பிதான் இரத்தப்பையையும் வளைய வைக்கிறது. பையிலிருந்து கசிந்து சிவப்பணுவின் சவ்வில் சேர்ந்து, அணு சிதையாமல் காக்கிறது. தகுந்த காப்புக் கரைசலோடு 42 நாள்வரை இரத்தத்தைச் சேமிக்க அது துணை நிற்கிறது. கசிவே அங்கே நன்மையாகிவிடுகிறது. குறைமாதக் குழந்தைக்குப் பல பிவிசி குழாய்கள் வழியே சிகிச்சை தரும்போதோ அதே கசிவு கவலை தருகிறது. 2002இல் அமெரிக்க மருந்துத்துறை, ஆண் சிசுக்களுக்கு முடிந்தவரை மாற்றுக் கருவிகளைப் பயன்படுத்துமாறு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. சிகிச்சையை நிறுத்தச் சொல்லவில்லை, அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

இனி நம் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துக்கு வருவோம். பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் மின்பொருள்களில் டிஇஎச்பி உள்ளிட்ட நான்கு தாலேட்டுகள் ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2019 ஜூலை 22 முதல் இதுதான் விதி. கம்பியின் மேலுறைக்கும் இது பொருந்தும். வாங்குபவன் சான்றிதழ் கேட்கிறான், விற்பவன் காட்டுகிறான்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் மெத்தென்ற பொம்மைக்கு யார் சான்றிதழ் கேட்கிறோம்? குழந்தை வாயில் வைப்பது அதைத்தானே, மின்கம்பியை அல்லவே! சட்டம் இல்லாமல் இல்லை. நம் நாட்டுப் பொம்மைப் பாதுகாப்பு விதிகள் 2009இலேயே வந்துவிட்டன. பொம்மையில் எம்சி என்ற பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் நெடுங்காலம் வழிநடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் தாலேட் பற்றி எச்சரித்து வந்திருக்கிறது. விலை மலிவு என்றதும் முத்திரையைத் தேட மறந்துவிடுகிறோம்.

ஆகவே திக்கார் கெத்தாவைச் சுருட்டி எறியச் சொல்ல மாட்டேன். ஈரத்துணியால் அடிக்கடி துடையுங்கள், தூசி குறையும். பிள்ளையின் கையைக் கழுவிவிடுங்கள். சுடச்சுட எண்ணெய்ப் பலகாரத்தை மெல்லிய வினைல் தாளால் மூடாதீர்கள். முத்திரையில்லாத பொம்மையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, ஏன் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.