இனிப்பும் அளவும்
(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று கரும்புச்சாற்றின் திருநாள். ஆதிபகவனாகிய விருஷபதேவர் நெடுங்காலம் உணவின்றி இருந்து, அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கரும்புச்சாற்றைக் கையே கலமாக ஏற்ற நாள். அதன் நினைவாகச் சற்று முன்னர் நமக்கெல்லாம் கரும்புச்சாறு வழங்கப்பட்டது. வரிசையில் எனக்கு முன் நின்ற பெரியவர் ஒருவர் குவளையை வாங்கினார், பின்னால் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார், பருகாமலே வைத்துவிட்டார். அந்தத் தயக்கத்தை நான் நன்கு அறிவேன். பதினான்கு ஆண்டுகளாக அது எனக்கும் உடன்பிறப்பு. ஆகவே நீரிழிவு உடையோர் இனிப்பை எவ்வாறு கொள்வது என்பது பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லேன். பட்டறிந்த நோயாளி என்ற உரிமையில் பேசுகிறேன்.

தமிழாசிரியனுக்குச் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். ‘நீரிழிவு’ என்னும் சொல்லில் உள்ள ‘இழிவு’ தாழ்வைக் குறிப்பதன்று. இழிதல் என்றால் இறங்குதல், ஒழுகுதல். அருவி இழிகிறது என்கிறோம் அல்லவா? உடலின் நீர் மிகுதியாக இறங்கிப் போவதால் இந்நோய்க்கு அப்பெயர். இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என மதிப்பிட்டது. இத்தனை பேருக்கு உள்ளதை மறைப்பானேன்? ஆயினும் மறைக்கிறோம். நானும் மறைத்தேன்.

நோய் தெரிந்த நாளில் என் இல்லாள் வீட்டில் இனிப்பையே ஒழித்துவிட்டார். தீபாவளிக்கு அதிரசம் இல்லை. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் இல்லை. எனக்காகப் பிள்ளைகளும் துறந்தனர். நானோ, நடைப்பயிற்சிக்கென்று காலையில் புறப்பட்டுப் போய்க் கடைத்தெருவில் நின்று மைசூர்பாகு தின்றேன். வகுப்பில் நாற்பது மாணவர்களுக்கு வாய்மை பற்றிப் பாடம் நடத்தியவன், வாயைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 9.4 விழுக்காடு வந்தது. என் போன்றோர்க்கு 7ஐ ஒட்டி இருத்தல் வேண்டும். அந்தத் தாளைப் பார்த்த என் இல்லாள் சினக்கவில்லை. “என்னிடம் கேட்டிருந்தால் ஒரு கரண்டி நானே செய்து தந்திருப்பேனே” என்று மட்டும் சொன்னார். அன்றுதான் எனக்குப் புரிந்தது: முற்றத் தடுத்த வீட்டில் களவு புகும், அளந்து கொடுத்த வீட்டில் அதற்கு வேலை இல்லை.

அளத்தல் நமக்குப் புதிதன்று. இல்லறத்தாருக்கு உரிய விரதங்களுள் போகோபபோக பரிமாணம் ஒன்று. நுகரும் பொருள்களுக்கு நாமே எல்லை வகுத்துக்கொள்வது அது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. பசியும் செரிமானமும் அளவுமே பெரிதும் பேசப்படுகின்றன.

அந்த அளவு எங்கள் வீட்டில் எப்படி அமைந்தது என்பதைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் இனிப்பு உண்டு. பகல் உணவின் இறுதியில், சிறு கிண்ணத்தில் பாதி. வெறும் வயிற்றில் இல்லை; தேநீருடன் இல்லை. கீரையும் பருப்பும் காயும் முன்னே சென்றுவிட்டால், பின்னே வரும் இனிப்பு இரத்தத்தில் ஏறும் வேகம் குறைகிறது. அன்று சோற்றில் ஒரு கரண்டி குறையும். உண்டபின் கால் மணி நேரம் நடப்பேன். நடக்கும் தசைகள் இரத்தத்தின் சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. சவ்வரிசிப் பாயசம் முழுவதும் மாவுச்சத்து. அதை விடுத்துப் பாசிப்பருப்புப் பாயசத்துக்கு மாறினோம். வெல்லத்தைச் சிறிது சிறிதாகப் பாதியாகக் குறைத்தோம். ஏலக்காய் மணத்தில் இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. மாத்திரையும் நடையும் இந்த ஒழுங்கும் சேர்ந்து, ஓராண்டில் 9.4 என்பது 7.2 ஆயிற்று.

இங்குச் சில மயக்கங்களையும் களைய வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தீங்கற்றவை என்று பலர் நம்புகின்றனர். நிறம் வேறு, இரத்தத்தில் அவை செய்யும் வேலை பெரிதும் ஒன்றே. தேன் நமக்கு விலக்கப்பட்டது. மருந்தென்று எவர் சொன்னாலும் அதுவும் சர்க்கரையே. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அட்டையில் அச்சிட்ட இனிப்பிலும் மைதாவும் நெய்யும் இருக்கக்கூடும். பழச்சாற்றைவிடப் பழம் நல்லது. ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்பது பசியையும் தணிக்கும். ஒரு பெரிய குவளைக் கரும்புச்சாற்றிலோ பல தேக்கரண்டிச் சர்க்கரை உண்டு. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அக்குவளை ஒன்றே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

இனி, நான் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சதுர்த்தசி நாள். வழக்கம்போல் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, எவரிடமும் சொல்லாமல் உபவாசம் இருந்தேன். முற்பகலில் ஆலய மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது உடல் வியர்த்தது, கை நடுங்கியது, எதிரில் இருந்தவர் பேசுவது எங்கோ தொலைவில் கேட்டது. அங்கிருந்த என் பழைய மாணவி ஒருவர், செவிலியாகப் பணிபுரிபவர், உடனே கண்டுகொண்டார். மடைப்பள்ளியிலிருந்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொண்டுவந்தார். “நோன்பு, அம்மா” என்று தடுத்தேன். “ஐயா, உயிர் இருந்தால் அடுத்த சதுர்த்தசியும் வரும்” என்று சொல்லிப் பருகச் செய்தார். பின்னர்ச் சோதித்தபோதும் அளவு 58தான் இருந்தது. 70க்குக் கீழ் போனாலே இடர்.

எந்த இனிப்புக்கு அஞ்சினேனோ அதுவே அன்று என்னைக் காத்தது. சிலவகை மாத்திரைகளும் இன்சுலினும் உட்கொள்வோர் உணவை நிறுத்தினால் சர்க்கரை அபாயமாகத் தாழும். அந்நேரம் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நோன்பு இருக்க விரும்புவோர் முன்னரே மருத்துவரிடம் சொல்லுங்கள். புறத்தவங்களுள் அனசனம் மட்டுமா உள்ளது? வயிறு நிறையுமுன் எழும் அவமோதரியம் உண்டு. சுவைகளைத் துறக்கும் ரச பரித்தியாகம் உண்டு. இன்று சதுர்த்தசிகளில் நான் நேரம் தவறாமல் குறைவாக உண்கிறேன். இனிப்பை அறவே துறக்கிறேன். என் நோன்பு எளிதாகிவிட்டதாக எண்ணாதீர்கள். பசியை அடக்குவதினும் பாதி வயிற்றில் எழுவது கடினம்.

நிறைவாக இரண்டு வேண்டுகோள்கள். குடும்பத்தாரே, விருந்தில் “இன்னும் ஒன்று, இன்றைக்கு ஒரு நாள்தானே” என்று வற்புறுத்தாதீர்கள். “உங்களுக்கு ஆகாது” என்று பலர் நடுவே கையைத் தட்டியும் விடாதீர்கள். எவ்வளவு வேண்டும் என்று அவரையே கேளுங்கள். விழாக் குழுவினரே, அடுத்த ஆண்டு கரும்புச்சாறு வழங்கும் இடத்தில் பெரிய குவளைகளுக்கு அருகே உள்ளங்கையில் அடங்கும் சிறு குவளைகளையும் வையுங்கள். எனக்கு முன் நின்ற அந்தப் பெரியவர் மகனைத் திரும்பிப் பார்க்காமல், இரண்டு மிடறு பருகி, மகிழ்ந்து செல்லட்டும்.