தாராசுரத்தில் ஒரு பிரசவம்

கோயில் சிற்பங்களைப் பற்றிப் பேச ஒரு நர்ஸை, அதுவும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிற்ப சாஸ்திரம் தெரியாது. ஒரே ஒரு சிற்பத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன்.

நான் நர்சிங் டிப்ளமா படித்தது கும்பகோணத்துப் பக்கம். தாராசுரம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். படித்து முடிக்கும்வரை ஒருநாளும் போனதில்லை. யாரும் போகக் கூடாது என்று சொல்லவில்லை. கோயில் மற்றவர்களுடையது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். டப்ளினுக்குப் போய்ப் பல வருடம் கழித்து, லீவில் வந்தபோதுதான் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஐராவதேஸ்வரர் கோயில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் தஞ்சாவூரோடு சேர்த்தார்கள். விமானம் 24 மீட்டர்தான். தஞ்சாவூரில் அண்ணாந்து பார்க்கிறோம், இங்கே குனிந்து பார்க்க வேண்டும். ராஜராஜனின் அப்பா காலத்தில் சேக்கிழார் பாடிய நாயன்மார் கதைகளை, அடுத்த தலைமுறையிலேயே கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் சின்னச் சின்னதாகச் செதுக்கிவிட்டார்கள். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்பதுகூட இருக்கிறது. கைடு எங்களுக்கு, யானைக்கும் காளைக்கும் ஒரே தலை இருக்கும் சிற்பத்தைக் காட்டினார். எல்லோருக்கும் அதைத்தான் காட்டுவார்கள்போல.

அப்புறம் போகிற போக்கில் இன்னொன்றையும் காட்டினார். ஒரு பெண் பிரசவிக்கிறாள். படுத்துக்கொண்டு அல்ல, நின்றுகொண்டு. இரண்டு பக்கமும் பெண்கள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

படிக்கிற காலத்தில் பிரசவ வார்டில் நைட் டியூட்டி. ஒரு பெண், இரண்டாவது பிரசவம், வலி உச்சத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், கீழ இறங்கி நிக்கறேன் சிஸ்டர், அப்பதான் முடியும்" என்று கெஞ்சினாள். "படும்மா, இறங்கக் கூடாது" என்றேன். மறுபடி கேட்டாள். காலைப் பட்டையில் மாட்டினோம். எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். குழந்தை நன்றாகத்தான் பிறந்தது. ஆனால் அந்த அம்மா அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.

டப்ளினில் என் மகள் பிறக்கும்போது மிட்வைஃப் என்னிடம் கேட்டார், உனக்கு எப்படி இருந்தால் வசதி என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியையே நான் யாரிடமும் கேட்டதில்லையே! கடைசியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரணம் எளிது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும், குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறையலாம். நின்றால், குந்தினால் புவியீர்ப்பு துணைக்கு வரும், இடுப்பெலும்பு விரிய இடம் கிடைக்கும். படுக்க வைப்பது பெரும்பாலும் பிரசவம் பார்ப்பவரின் வசதிக்குத்தான். முதுகில் மரப்பு ஊசி போடாத பெண்ணை, நிற்பது உட்பட அவள் விரும்பும் நிலையில் பிரசவிக்க ஊக்குவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் எழுதியது. தாராசுரத்தில் அதைக் கல்லில் வெட்டி எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

பழைய காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, தயவுசெய்து அப்படிப் பகிர்ந்துவிடாதீர்கள். அன்றைக்குப் பிரசவத்தில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று என்னைப்போல ரத்தப்போக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் யோசிப்பது அந்தச் சிற்பியைப் பற்றி. ஆண்பிள்ளையை அந்த அறைக்குள் விட்டிருப்பார்களா? யாரோ ஒரு பெண் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவோ, மனைவியோ, ஊர் மருத்துவச்சியோ. அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவளை நான் கேட்கவில்லை.

படத்தை இப்போது திரையில் காட்டுகிறேன். கொஞ்சம் மங்கல்தான், மகள் என் போனில் எடுத்தது. ஓரத்தில் தெரிவது அவளுடைய விரல்.