மருமகனின் ஒப்பந்தமும் தாத்தாவின் கப்பல் கட்டணமும்

'விமானி பயிற்சி: செலவு யாருடையது?' என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கோலா தெர்லாவிலிருந்து கலந்துகொண்ட பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



எனக்கு முன் பேசிய நண்பர் விமான நிறுவனங்களின் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்டார். லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு பையனை விமானியாக்குகிறோம், மறு வருடமே அவன் பக்கத்து நிறுவனத்துக்குத் தாவினால் யாருக்குத்தான் வயிறு எரியாது என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் என் தங்கை மகனை அழைத்துக்கொண்டு வந்தாள். தங்கை கணவர் தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். பையன் எஸ்.டி.பி.எம். முடித்தவன், கெட்டிக்காரன். கையில் இருபது பக்க ஒப்பந்தம். "அண்ணே, ரெண்டு பேர் ஜாமீன் போடணுமாம். ஒருத்தர் அவரு. இன்னொருத்தர் நீங்க போடுங்க" என்றாள். மருமகன், "மாமா, நான் ஓட்டுற பிளேன்ல முதல் சீட்டு உங்களுக்குத்தான்" என்றான். பேனாவையும் அவனே கொண்டு வந்திருந்தான்.

நான் படித்துப் பார்த்தேன். பயிற்சிச் செலவை நிறுவனம் கொடுக்கும். அதில் ஒரு பகுதியைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளும். பயிற்சி முடிந்து எட்டு ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும். இடையில் விலகினால் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். முழுத் தொகை என்றால் ஏழாவது ஆண்டில் போனாலும் முழுத் தொகை! ஏற்கெனவே சம்பளத்தில் பிடித்தது என்ன ஆகும் என்று தேடினேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தொகை எவ்வளவு பெரியது என்று சபையோருக்குத் தெரிய வேண்டும். நம் நாட்டில் வர்த்தக விமானி உரிமம் பெற ஏறத்தாழ மூன்று லட்சம் ரிங்கிட் ஆகிறது. மூன்று லட்சத்தை 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். சாப்பிடாமல், உடுத்தாமல் சேர்த்தாலும் பதினான்கு வருடத்துக்கு மேல். உரிமம் கிடைத்துவிட்டால் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிடலாமா? அதுவும் இல்லை. ஏர்பஸ் 320 ஆனாலும் போயிங் 737 ஆனாலும், குறிப்பிட்ட விமான வகைக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். 'டைப் ரேட்டிங்' என்பார்கள். அதற்குத் தனியாகப் பணம். 2010-களில் சொந்தக் காசில் உரிமம் வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் வேலை கிடைக்காமல் சுற்றியதை நாம் பார்த்தோம். கொரோனா காலத்தில் வேலையில் இருந்தவர்களே வீட்டுக்கு வந்தார்கள். ஆகவே நிறுவனம் செலவழிக்கிறது என்றால் அது நல்ல காரியம். நான் அதை எதிர்க்கவில்லை.

அப்படியானால் நண்பரின் வயிற்றெரிச்சலுக்கு என்ன பதில்? இந்தியாவில் 2017-ல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், கமாண்டர் விமானி விலக ஓராண்டு முன்னறிவிப்பு, துணை விமானி விலக ஆறு மாத முன்னறிவிப்பு என்று விதி போட்டது. அதற்குப் பிறகும் 2023-ல் ஆகாசா ஏர் நிறுவனத்தில் 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமலே விலகினார்கள். நிறுவனம் நீதிமன்றம் போனது. ஆக, கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் ஓடுகிறவன் ஓடத்தான் செய்கிறான். ஒருவன் பயிற்சி கொடுக்கிறான், இன்னொருவன் பயிற்சி பெற்ற ஆளைக் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொள்கிறான். நோய் அங்கே இருக்கிறது. ஆனால் மருந்தைக் கொண்டுபோய்ப் பையனின் தலையிலும் அவன் மாமாவின் தலையிலும் கட்டுகிறார்கள்.

இது புது நோயும் இல்லை, நேயர்களே! நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் இதே மலாயாவில் தோட்ட முதலாளிகள் இதே புகாரைத்தான் சொன்னார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு தொழிலாளியைக் கொண்டுவரக் கப்பல் கட்டணம், கங்காணிக்குக் கூலி, வழிச்செலவு என்று ஒரு தோட்டம் செலவழிக்கும். வந்து இறங்கியவனைப் பக்கத்துத் தோட்டம் ஆசை காட்டி அழைத்துக்கொண்டுவிடும். செலவழித்தவன் விட்டுவிடுவானா? அந்தச் செலவைத் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதினான். கடன் தீரும்வரை நகராதே என்றான். ஒப்பந்தக் கூலி முறை என்றும், முன்பணம் என்றும் நம் முன்னோர்களைக் கட்டிப்போட்டது இதுதான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்குத் 'துண்டு' என்றே பெயர். தொழிலாளிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் அவன் அங்கே போகலாம். கடன் தோட்டத்துக்குத் தோட்டம் அவன் கூடவே போகும். 1921-ல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். இன்றைக்குப் புது விமான நிறுவனம் பழைய நிறுவனத்துக்குப் பணம் கட்டி ஒரு விமானியை 'மீட்டுக்கொண்டு' போகிறது என்று கேள்விப்படும்போது எனக்குத் துண்டுதான் ஞாபகம் வருகிறது. சம்பளம் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். விமானியையும் கூலித் தொழிலாளியையும் ஒன்றாக வைக்க முடியாது. ஆனால் கணக்கு எழுதுகிற முறை ஒன்றுதான்.

மலாயாவில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்பதைத்தான் நண்பர் கவனிக்க வேண்டும். 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டப்படி ஏற்படுத்தினார்கள். தமிழ்த் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் எல்லா முதலாளிகளும், வேலை நாள்களைக் கணக்கிட்டு, அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். நீ ஆளைக் கொண்டுவந்தாயா, அடுத்தவன் கொண்டுவந்த ஆளை இழுத்துக்கொண்டாயா என்ற கேள்வியே கிடையாது. வேலை வாங்கினால் கட்டு. அந்தப் பொதுப் பணத்திலிருந்து கப்பல் கட்டணம் போனது. தொழிலாளி பயணக் கடன் இல்லாமல் வந்து இறங்கினான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டம் போகவும் சட்டத்தில் இடம் இருந்தது. 1910-ல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பதும் நின்றது.

முதலாளிகள் இரக்கப்பட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ரப்பர் விலை ஏறிய காலம், ஆள் போதவில்லை, அதனால் செய்தார்கள். கூலியைக் குறைத்து வைத்ததும் அவர்களேதான். லயத்தில் பட்ட பாட்டைச் சொல்ல இன்னொரு நாள் வேண்டும். ஆனால் பயணச் செலவை மட்டும் பார்த்தால் கணக்கு சரியாகப் போடப்பட்டது. கேமரன் மலையில் 1929-ல் போ தோட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து ஆள் வரும் வழி இதுவாகத்தான் இருந்தது. 1938-ல் இந்திய அரசு அந்த வழியை மூடியது.

ஆக, என் யோசனை இதுதான். விமானிகளை வைத்து விமானம் ஓட்டும் எல்லா நிறுவனங்களும் ஒரு பொது நிதிக்குக் கட்டட்டும். பயிற்சி கொடுக்கும் நிறுவனம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். 'அதற்குத்தான் மனிதவள நிதி இருக்கிறதே' என்று கேட்பீர்கள். 1993-லிருந்து இருக்கிறது, சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் கட்டிய நிறுவனத்தின் கணக்கிலேயே நிற்கிறது, அதன் ஆட்களின் பயிற்சிக்கே போகிறது. ஆள் இழுப்பவனிடமிருந்து ஆள் வளர்ப்பவனுக்கு ஒரு காசு போகாது. பயணிகளிடம் கேட்கலாமா என்றால், 2018-ல் ஆணையத்தின் செலவுக்காகப் பயணிக்கு ஒரு ரிங்கிட் விதித்தபோது யாரும் பயணத்தை நிறுத்திவிடவில்லையே! பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023-ல் பயிற்சியின் முழுச் செலவையும் தானே ஏற்கும் திட்டத்தை அறிவித்தது. ஓர் ஆளுக்கு ஒரு லட்சம் பவுண்டு வரை. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையும் விமானி ஆக வேண்டும் என்றுதான் அதைச் சொன்னார்கள்.

கடன் என்பது குடும்ப விஷயம், பயணிக்கு என்ன வந்தது என்று நினைக்காதீர்கள். 2015 மார்ச் 24-ல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே வேண்டுமென்று ஆல்ப்ஸ் மலையில் மோதினார், 150 பேர் இறந்தார்கள். அவருடைய மனநோய்தான் அதற்குக் காரணம், கடன் இல்லை. ஆனால் அவர் ஏன் நோயை மறைத்தார் என்று பார்த்த பிரெஞ்சு விசாரணை அறிக்கை, பறக்கும் தகுதியை இழந்துவிடுவோமோ என்ற பயத்தையும், வருமானம் போனால் ஈடுகட்டக் காப்புறுதி இல்லாததையும் எழுதியது. பயிற்சிக்காக அவர் வாங்கிய கடனும் அந்த அறிக்கையில் இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று சொன்னால் கடன் கழுத்தை நெரிக்கும் என்ற நிலையில் எந்த விமானியையும் வைக்கக் கூடாது.

நிதி வரும்போது வரட்டும். இன்றைக்குக் கையில் ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஜாமீன் போட்டவரின் பொறுப்பு, கடன்பட்டவரின் பொறுப்பு அளவுக்கே இருக்கும் என்பது நம் ஒப்பந்தச் சட்டம். 2017-ல் திவால் சட்டத்தைத் திருத்தி, லாபம் கருதாமல் கல்விக் கடனுக்கு ஜாமீன் போட்டவரைத் திவாலாக்கக் கூடாது என்றார்கள். நல்லது. ஆனால் கம்பெனிப் பயிற்சி ஒப்பந்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்காமல் நம்பிவிடாதீர்கள். திவாலாக்க முடியாவிட்டாலும் பணம் கேட்டு வழக்குப் போடலாம். முன்பெல்லாம், ஒப்பந்தம் முறிந்தால் எவ்வளவு நஷ்டம் என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும், 1995 தீர்ப்பு அப்படி. 2018-ல் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றியது. இப்போது, எழுதிய தொகை நியாயமற்றது என்று காட்டும் சுமை நம் பக்கம் வருகிறது. கையெழுத்துக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற காலம் போய்விட்டது.

நான் அன்று கையெழுத்துப் போடவில்லை. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மருமகன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு தானே வந்தான். இருவரும் உட்கார்ந்து நான்கு இடங்களில் பென்சிலால் கோடு போட்டோம். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் தொகை குறைய வேண்டும். சம்பளத்தில் பிடித்ததைக் கழிக்க வேண்டும். மருத்துவத் தகுதி போனாலோ, நிறுவனமே ஆள் குறைப்புச் செய்தாலோ ஒரு காசும் கேட்கக் கூடாது. எட்டு ஆண்டு எந்தத் தேதியிலிருந்து என்று எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை அவனே நல்ல ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான்.

இரண்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையும், தேதியும் எழுதிவிட்டார்கள். சம்பளப் பிடித்தம் பற்றி இன்னும் பதில் இல்லை. மருத்துவத் தகுதி விஷயத்தில் முடியாது என்கிறார்கள். பேனா என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அந்த நான்காவது கோட்டுக்குப் பதில் வரட்டும் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.