முருங்கைச் சாறும் வட்டியில்லா விவசாயமும்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஒரு முஸ்லிம் நட்ட செடியிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஆனால் அந்தச் செடியை வளர்க்க நம்மில் சிலர் வட்டிக்குப் போகிறார்கள். கடையில் வளர்ச்சி ஊக்கி பாட்டிலைக் கடனுக்கு வாங்கி, அறுவடையில் வட்டியோடு கழிக்கிறார்கள். வட்டி ஹராம் என்று சொன்னால் மட்டும் போதாது. வட்டிக்குப் போகாமலிருக்க வழியும் காட்ட வேண்டும்.

நம் கொல்லையில் நிற்கும் முருங்கை அதற்கு ஒரு வழி. அதன் இலையில் ஸியாட்டின் என்னும் வளர்ச்சிப் பொருள் இருக்கிறது. செல்கள் பெருகவும், இலை சீக்கிரம் பழுக்காமலிருக்கவும் அது உதவும். நிகரகுவாவிலும், பாகிஸ்தானின் பைசலாபாத் விவசாயப் பல்கலைக்கழகத்திலும் இதைப் பயிர்களில் தெளித்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

செய்முறை எளிது. ஒரு கிலோ இளந்தழைக்கு 100 மில்லி தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். ஒரு பங்கு சாற்றுக்கு 30 பங்கு தண்ணீர். அதாவது அரை லிட்டருக்கு 15 லிட்டர். முளைத்த இரண்டு வாரத்தில் ஒரு முறை, பூக்கும் முன் ஒரு முறை, பூத்தபின் ஒரு முறை, வெயில் தணிந்ததும் இலை நனையத் தெளியுங்கள். பிழிந்த சாற்றை வைத்திருக்காமல் சில மணி நேரத்துக்குள் தெளித்துவிட வேண்டும். சக்கையை எருக்குழியில் போடலாம்.

அளவு முக்கியம். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். சென்ற ஆண்டு, கூடுதலாக விட்டால் கூடுதலாக வளரும் என்று நினைத்து, தண்ணீரைக் குறைத்துத் தெளித்தோம். கத்தரி நாற்றுகள் கருகின. கணவனை இழந்த சகோதரிகளின் வீடுகளுக்கென வளர்த்த நாற்றுகள் அவை. அவர்கள் ஒரு மாதம் காத்திருக்க நேர்ந்தது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். இந்த முறை அளந்து தெளித்த நாற்றுகளையே கொடுத்தோம்.

இன்னொன்று: இது எருவுக்கு மாற்று அல்ல. மண்ணுக்குத் தொழுவுரம் கொடுத்துவிட்டுத்தான் இதைத் தெளிக்க வேண்டும். முதலில் நாலு பாத்தியில் மட்டும் தெளித்து, தெளிக்காத பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கைத்தெளிப்பான் இரண்டு அலுவலகத்தில் இருக்கிறது. வாடகை கிடையாது. கழுவித் திருப்பித் தந்தால் போதும்.

அல்லாஹ் நம் உழைப்பிலும் விளைச்சலிலும் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.