தலையணைப் புத்தகங்களை எங்கே ஆரம்பிப்பது?

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் தம்பி என்னிடம், "அண்ணே, மீஞ்சூர்லேர்ந்து ரயில்ல வர்றப்போ எப்பவும் கையில தலையணை மாதிரி ஒரு புத்தகம் வச்சிருப்பீங்களே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். இந்தப் பேச்சுக்கு ஒரு காரணமும் உண்டு. கல்லூரி நூலகத்துக்கு ஓர் அலமாரியும் புத்தகங்களும் தருவதென்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. அதில் பெரிய தொடர் நாவல்கள் வைப்பதா, போட்டித் தேர்வு கைடுகள் மட்டும் போதுமா என்று கமிட்டியில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. நான் எந்தக் கட்சி என்பது என் கையில் உள்ள புத்தகத்தைப் பார்த்தாலே தெரியும். என்றாலும் எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சேர்த்தே பேசுகிறேன்.

அவர்கள் சொல்வது இதுதான்: "நம்ம பசங்க பாதிப் பேர் வீட்டிலேயே முதல் பட்டதாரி. அப்பா துறைமுகத்துல, அண்ணன் எண்ணூர்ல காண்ட்ராக்ட் வேலை. அவனுக்கு வேலை வேணும், ராஜா ராணிக் கதை எதுக்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் கைடு என்பது, என்ன கேள்வி வரும் என்று தெரிந்த பிறகு படிக்கிற புத்தகம். பாடத்திட்டம் மாறினால் அது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். ஐம்பது பாத்திரங்களை மனதில் நிறுத்தி, முதல் பாகத்தில் போட்ட முடிச்சு ஐந்தாம் பாகத்தில் அவிழும்வரை பொறுமையாக நூலைப் பிடித்துக்கொண்டு போகிற பழக்கம் இருக்கிறதே, அதை எந்தக் கைடும் கற்றுத் தராது. பெரிய சட்டப் புத்தகமோ பெரிய இயந்திரத்தின் விளக்கக் குறிப்போ கைக்கு வரும் நாளில் அந்தப் பழக்கம்தான் துணைக்கு வரும்.

ஆகவே நாவல் வேண்டும். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி, எதை முதலில் கொடுப்பது என்பது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண். 2022இல் 'பொன்னியின் செல்வன்' சினிமா பார்த்த சூட்டோடு ஐந்து பாகத்தையும் வாங்கிவிட்டாள். முதல் பாகத்தில் பாதி தாண்டவில்லை. "எனக்குப் படிப்பே வராது போல மாமா" என்றாள். கவனியுங்கள், 'புத்தகம் பிடிக்கலை' என்று அவள் சொல்லவில்லை. 'எனக்கு வராது' என்றாள்! தப்பான இடத்தில் ஆரம்பித்தால் தோற்பது புத்தகமல்ல, பிள்ளைதான்.

கல்கியை எங்கே தொடங்குவது? சரித்திர வரிசைப்படி பார்த்தால் 'சிவகாமியின் சபதம்' முதலில் வரும். 'பார்த்திபன் கனவு' அதன் பின் நடக்கும் கதை. 'பொன்னியின் செல்வன்' அதற்கும் சுமார் முந்நூறு வருடங்கள் கழித்து, பத்தாம் நூற்றாண்டில். ஆனால் கல்கி எழுதிய வரிசை வேறு. 'பார்த்திபன் கனவு' 1941லேயே 'கல்கி' பத்திரிகையில் தொடங்கிவிட்டது. 'சிவகாமியின் சபதம்' 1944இல்தான் ஆரம்பம். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வந்தது.

என் யோசனை: எழுதிய வரிசையிலேயே படியுங்கள். 'பார்த்திபன் கனவு' மூன்றிலும் சிறியது, பாத்திரங்களும் குறைவு. ஒரு பெரிய கதையை முடித்துவிட்டோம் என்ற தெம்பு முதலில் வரட்டும். அந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் கொடுத்தேன். பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்தாள். இப்போது 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகத்தில் இருக்கிறாள்.

இந்த வரிசைச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. சி.எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் ஏழு. 1950இல் முதலில் வெளிவந்த புத்தகத்திலிருந்து தொடங்குவதா, கதைக்காலப்படி முந்திய, 1955இல் வந்த புத்தகத்திலிருந்து தொடங்குவதா என்று அங்கேயும் ஓயாத வழக்கு. டோல்கீனின் மோதிரக் கதை மூன்று பாகமாக 1954, 55இல் வந்தது. அதற்குள் நுழையச் சிறுவர்களுக்காக 1937இல் அவர் வெளியிட்ட 'ஹாபிட்' நல்ல வாசற்படி. இன்னொன்றைக் கவனித்தீர்களா? வந்தியத்தேவன் கதை பத்திரிகையில் முடிந்தது 1954 மே மாதம். டோல்கீனின் முதல் பாகம் புத்தகமானது அதே வருடம் ஜூலையில்!

நம்மிடமே மாயாஜாலத் தொடர்கள் இல்லையா என்றால், ஏராளம். விக்கிரமாதித்தன் கதையில் பதுமை பேசும், வேதாளம் கேள்வி கேட்கும். இதோ நம்ம கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போட்ட பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் தமிழ்நாடு முழுக்கத் திண்ணைகளில் உரக்கப் படிக்கப்பட்டன. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' அந்த வேதாளத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இன்னும் பின்னே போனால் கொங்குவேளிரின் 'பெருங்கதை'. உ.வே.சா. அதைப் பதிப்பித்தபோது கிடைத்த சுவடியில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்ற கவலையே வாசகனுக்கு வைக்காத ஒரே புத்தகம் அதுதான்!

அடுத்து சாண்டில்யன். கடலோரத்து ஆட்களான நமக்கு 'கடல் புறா' மூன்று பாகமும் கொஞ்சம் சொந்தம். கலிங்கத்துத் துறைமுகத்தில் தொடங்கிக் கப்பல், கொள்ளையர், ஸ்ரீவிஜயம் என்று ஓடும் கதை. வர்ணனை சில இடங்களில் நீளும். தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் அபராதம் போட மாட்டார்கள். ஜெயமோகனின் 'வெண்முரசு' மலை ஏற்றம். 2014 முதல் 2020 வரை தினமும் எழுதப்பட்டது, மகாபாரதத்தை ஒட்டி 26 நாவல்கள். அதை 'முதற்கன'லில் தொடங்குவதே சரி. ஆனால் மற்றவற்றில் கால் பழகிய பிறகு.

குறையையும் சொல்ல வேண்டும். வாராவாரம் வந்த கதை என்பதால் அத்தியாயக் கடைசியில் ஒரு திடுக், அடுத்ததில் முன்கதைச் சுருக்கம், தற்செயல் சந்திப்புகள் எல்லாம் இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, கதையைச் சரித்திரம் என்று நம்பிவிடுவது. வந்தியத்தேவர் தஞ்சைக் கல்வெட்டில் உண்டு. நந்தினி கல்கியின் கற்பனை. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. ஆகவே அலமாரியில் கல்கிக்குப் பக்கத்தில் நீலகண்ட சாஸ்திரியாரின் 'சோழர்கள்' இருக்கட்டும். கதை கிளப்பிவிட்ட கேள்விக்கு அங்கே பதில் தேடட்டும்.

நேரம் ஏது என்பார்கள். 'பொன்னியின் செல்வன்' மொத்தம் 293 அத்தியாயம். மீஞ்சூரில் ஏறி நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர் தாண்டிப் போவதற்குள் ஒரு அத்தியாயம். திரும்பி வரும்போது ஒன்று. 147 நாள். விடுமுறை போக மாதம் 24 நாள் என்றால் ஆறு மாதம், அதாவது ஏறக்குறைய ஒரு செமஸ்டர். முதன்முதலில் படித்தவர்கள் மூன்றரை வருடம் காத்திருந்தார்கள், ஐயா!

கடைசியாகக் கமிட்டிக்கு நான்கு கோரிக்கை. ஒன்று, அலமாரியில் பாதி கைடுக்கு, பாதி கதைக்கு, சண்டை வேண்டாம். இரண்டு, கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மூன்று, எந்தத் தொடரானாலும் முதல் பாகம் மூன்று காப்பி, மற்றவை ஒவ்வொன்று. நூலகத்தில் எப்போதும் காணாமல் போவது முதல் பாகம்தான். அது இல்லாவிட்டால் மிச்ச நாலும் வெறும் செங்கல். நான்கு, அலமாரிக் கதவில் 'இங்கே தொடங்கவும்' என்று எழுதி, 'பார்த்திபன் கனவை' முன்வரிசையில் வையுங்கள்.

பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் கல்லறைகள் நிற்கின்றன. இந்தக் கரைக்குள்ளும் ஐந்து பாகத்துக்குக் கதை இருக்கிறது. அதை எழுதப்போகும் பிள்ளை இப்போது நம் கல்லூரியிலேயே இருக்கலாம். அந்தப் பிள்ளை நூலகத்துக்குள் வரும்போது கையில் முதல் பாகம் அகப்பட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.