நம் வீட்டு நாய்க்கு எந்த உலர் உணவு?

"எந்தக் கம்பெனி டாக் ஃபுட் நல்லது?" நாய் வளர்ப்பவர்கள் கூடும் இடத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான். ஒரு பெயரைச் சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. கேட்பவர் வீட்டில் மூன்று மாத லாப்ரடார் குட்டி இருக்கலாம். கூடவே தெருவிலிருந்து எடுத்து வளர்த்த, கருத்தடை செய்த நாட்டு நாயும், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த சிப்பிப்பாறையும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பையில் கைவிட்டு, ஒரே டம்ளரால் அள்ளிப் போடுவது நம் வீடுகளில் வெகு சாதாரணமாகிவிட்டது. அன்போடுதான் போடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு டம்ளர் ஒரு நாய்க்குக் குறைவு, இன்னொன்றுக்கு அதிகம், குட்டிக்கோ பொருந்தாத உணவாகவே இருக்கக்கூடும்.

உலர் உணவைத் தேர்ந்தெடுப்பதை நான் ஒரு தேர்ச்சியாகவே மதிக்கிறேன். அதற்கு இரண்டு அறிவு வேண்டும். அந்த உருண்டை எப்படிச் செய்யப்படுகிறது என்பது ஒன்று. அது எந்த உடம்புக்குள் போகிறது என்பது மற்றொன்று. பையின் முன்பக்கத்தில் அச்சிட்ட கோழித் தொடையும் பளபளக்கும் நாயும் இந்த இரண்டில் எதையும் சொல்வதில்லை.

நாய்க்கென்று உணவு செய்து விற்கும் தொழில் 1860களில் லண்டனில் தொடங்கியது. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், கப்பல்களில் கொடுக்கும் கெட்டி பிஸ்கட்டைப் போல நாய்களுக்கு ஒன்று செய்தார். இன்று நாம் பார்க்கும் பொரிந்த உருண்டை 1957-இல் அமெரிக்காவில் பியூரினா நிறுவனத்தின் வழியாகக் கடைக்கு வந்தது. இறைச்சித் தூள், தானிய மாவு, வைட்டமின், தாது உப்புகள் எல்லாவற்றையும் மாவாகப் பிசைந்து, நீராவியும் அழுத்தமும் கொடுத்து அச்சின் துளை வழியே தள்ளுவார்கள். வெளியே வந்ததும் அது உப்பிப் பொரியும். பிறகு ஈரம் பத்து சதவீத அளவுக்கு இறங்கும்வரை உலர்த்துவார்கள். கடைசியாக மேலே கொழுப்பையும் ஈரல் சாறு போன்ற சுவையூட்டியையும் தெளிப்பார்கள்.

மாவு உப்ப வேண்டுமானால் மாவுச்சத்து வேண்டும். அரிசி, சோளம், கோதுமை இல்லாமல் செய்தால் அந்த இடத்தில் பட்டாணியோ பருப்போ உருளைக்கிழங்கோ வந்து உட்கார்ந்துகொள்ளும். 'கிரெய்ன் ஃப்ரீ' என்று கூடுதல் விலைக்கு விற்கும் பைகளில் பல அப்படித்தான். தானியம் நாய்க்கு ஆகாது என்ற எண்ணத்தில் அவற்றை வாங்குகிறார்கள். ஓநாயிலிருந்து பிரிந்து மனிதரோடு சேர்ந்து வாழ்ந்த காலத்தில், மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் நாயின் உடலில் பெருகியிருப்பதை சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். சோறும் கம்பங்கூழும் தின்று வயலைக் காத்த நம் ஊர் நாய்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. 2018-இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கையும் விட்டது. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு முக்கியப் பொருளாக உள்ள உணவு தின்ற சில நாய்களுக்கு இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய் வந்திருப்பதால், அதை விசாரிப்பதாகச் சொன்னது. உணவுதான் காரணம் என்று அது இன்றுவரை முடிவாகச் சொல்லவில்லை. ஆனாலும், அரிசி ஒத்துக்கொள்ளும் நாய்க்கு அதிக விலை கொடுத்து அரிசியை விலக்க நான் சொல்லமாட்டேன்.

இனி பையின் பின்பக்கம் வருவோம். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற சொற்கள் அங்கே இருக்கின்றனவா, எந்த வயது நாய்க்கு என்று குறித்திருக்கிறார்களா என்பதை முதலில் தேடுங்கள். அது இல்லாத பை நொறுக்குத்தீனி வகையைச் சேர்ந்தது. அதையே நம்பி நாயை வளர்க்கக் கூடாது. ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பின் அளவுகளை நம் நாட்டு நிறுவனங்களும் குறிப்பிடுகின்றன. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், வளர்ந்த நாய்க்கு 18 சதவீதப் புரதமும் குட்டிக்கு 22.5 சதவீதப் புரதமும் குறைந்தபட்சம் என்கிறது அந்த அளவு. ஈரத்தைக் கழிப்பது முக்கியம். பையில் 24 சதவீதப் புரதம், 10 சதவீத ஈரம் என்றிருந்தால், 24-ஐ 90-ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 26.7 வரும். குழம்பாக வரும் பாக்கெட் உணவில் எட்டு சதவீதம் என்று பார்த்துவிட்டு, உலர் உணவைவிட மட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் எண்பது சதவீதம் தண்ணீர். கழித்துப் பார்த்தால் புரதம் நாற்பதைத் தொடும்.

இந்தப் புரத எண்ணை முழுதாக நம்பவும் கூடாது. ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். 2007-இல் நடந்த கொடுமைக்கு இதுதான் வாசலானது. சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். சோதனையில் புரதம் கூடுதலாகத் தெரிந்தது. அந்த உணவைத் தின்ற நாய்களும் பூனைகளும் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. ஆகவே எண்ணோடு பொருட்பட்டியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சேர்க்கும்போது உள்ள எடையின் வரிசையில்தான் பட்டியல் இருக்கும். 'கோழி' என்று முதலில் வந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உலர்ந்தபின் அது பட்டியலில் பின்தள்ளப்படும் அளவுக்குச் சுருங்கிவிடலாம். 'சிக்கன் மீல்' என்பது ஏற்கெனவே தண்ணீர் நீக்கிய தூள். அதை மட்டமென்று ஒதுக்க வேண்டாம். எந்த விலங்கு என்று சொல்லாமல் வெறும் 'மீட்' என்று போடுவதைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

குட்டிகளைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் குட்டி வாங்கியவர்கள், "எலும்பு கனக்கட்டும்" என்று உலர் உணவோடு கால்சியம் டானிக்கையும் ஊற்றுகிறார்கள். இதை நிறுத்துங்கள். 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை ஆராய்ந்தார்கள். இளங்குட்டியின் குடல், மிஞ்சிவரும் கால்சியத்தைத் தடுக்கத் தெரியாமல் உள்ளே விட்டுவிடுகிறது. எலும்பின் வளர்ச்சி கோணலாகிறது, கால் வளைகிறது, மூட்டு கெடுகிறது என்று கண்டார்கள். வளர்ந்ததும் 32 கிலோவை எட்டும் இனங்களின் குட்டி உணவில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆஃப்கோவும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 'லார்ஜ் பிரீட் பப்பி' என்ற தனிப் பை அதற்காகத்தான். அந்தப் பையில் கால்சியம் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் நாம் ஒரு சொட்டும் கூட்ட வேண்டியதில்லை. குண்டுக் குட்டி அழகுதான், ஆனால் அந்த எடையை இளம் மூட்டுகள்தான் சுமக்கின்றன.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற வேட்டை நாய்களிடம் தவறு வேறுவிதமாக நடக்கிறது. அவற்றின் உடலமைப்பே ஒடிசல்; இடுப்பு உள்வாங்கியிருக்கும், சிப்பிப்பாறைக்குக் கடைசி விலாக்கள் லேசாகத் தெரிவதும் இயல்பு. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார், "என்னங்க, பட்டினி போடுறீங்களா?" என்று கேட்கிறார்கள், வீட்டார் வெட்கப்பட்டு அளவைக் கூட்டிவிடுகிறார்கள். விலாவைக் கண்ணால் எடைபோடுவதைவிடக் கையால் தடவிப் பார்ப்பதே சரி. உங்கள் கையை மூடி விரல் முட்டிகளைத் தடவுங்கள்: விலா அப்படி இருந்தால் நாய் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள்: அப்படி இருந்தால் சரி. உள்ளங்கையின் சதைபோல் இருந்தால் தீனியைக் குறைக்க வேண்டும். எடை கூடாமல் அளவாக வைத்திருப்பதன் பலன் சின்னதல்ல. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. கால்பங்கு குறைவாகத் தின்றவை நடுமதிப்பில் 13 ஆண்டுகள் வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டுகள். உணவின் தரத்தை மாற்றாமல், அளவால் மட்டுமே கிடைத்த ஆயுள் அது.

அளவுக்கு டம்ளரை விட்டுச் சமையலறைத் தராசை எடுங்கள். பதினைந்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கிலோ கலோரி போதும். நூறு கிராமுக்கு 330 கிலோ கலோரி தரும் உணவு என்றால் அது 258 கிராம். 420 தரும் உணவு என்றால் 202 கிராம்தான். இரண்டும் டம்ளரில் ஒன்றுபோலத்தான் தெரியும். விலையையும் கிலோவுக்கு என்று பார்க்காமல் ஒரு நாளைக்கு என்று கணக்கிட்டால், மலிவானது மலிவாக இல்லாமல் போவதுண்டு. தயிர்சாதமும் பிஸ்கட்டும் கொடுப்பவர்கள் அதையும் இந்தக் கணக்கில் கழிக்க வேண்டும். வெங்காயம் போட்ட சாம்பார் சாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

"சிக்கன் சூடு, அதனால்தான் முடி கொட்டுது" என்று உணவை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுபவர்களும் உண்டு. நம் தட்பவெப்பத்தில் சொறிதலுக்குப் பெரும்பாலும் உண்ணி, தெள்ளு, சிற்றுண்ணி, பூஞ்சை இவைதான் காரணம். உணவு ஒவ்வாமை உண்மையிலேயே உண்டு. மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி மூன்றும் அதில் முன்னணியில் நிற்பவை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க மருத்துவர் மேற்பார்வையில் எட்டு வாரம் ஒரே வகை உணவைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கோழியை நிறுத்திவிட்டுத் தயிர்சாதத்தைத் தொடர்ந்தால் எதுவும் தெரியவராது.

உருண்டையின் மேல் கொழுப்பைத் தெளிக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கொழுப்புதான் காற்றுப்பட்டால் முதலில் கெடும். நம் ஊரில் பெரிய மூட்டையைப் பிரித்துவைத்து, கிலோ கணக்கில் பாலித்தீன் கவரில் கட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. அப்படி வாங்காதீர்கள். எத்தனை நாள் திறந்து கிடந்தது, எப்போது காலாவதி என்று அதில் எதுவும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்; பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோகும் அளவுப் பையாக வாங்கி, பையோடு சேர்த்தே மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். தொகுதி எண் அச்சிட்ட பகுதியைக் கத்தரித்துவிடாதீர்கள். நாய்க்கு ஏதாவது ஆனால் மருத்துவரும் நிறுவனமும் முதலில் கேட்பது அதைத்தான்.

புது உணவுக்கு மாறும்போது முதல் இரண்டு நாள் கால்பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். சித்திரை வெயிலில் இரண்டு இடத்தில் வையுங்கள். மலம் கெட்டியாக, அளவோடு போகிறதா என்று கவனியுங்கள். குவியல் குவியலாகப் போனால் தின்றது சரியாக உடம்பில் ஒட்டவில்லை என்று கொள்ளலாம். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முடியின் மினுமினுப்பும் விலாவின் தடிப்பும் தெரிந்துவிடும். அதற்குள் வாந்தியோ, இரத்தம் கலந்த பேதியோ, இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிட மறுப்பதோ கண்டால் பையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது அந்தப் பையையும் எடுத்துச் செல்லுங்கள்.